இருபத்து மூன்றாம் தாளின் குழந்தை

முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டபோது மணி ஏழரைகூட ஆகியிருக்காது. ஜெபம் சொல்லி முடித்து, நான்கு மாத மகள் ரோஸ்லினைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் ஆஸ்பத்திரிக் குடியிருப்புக்குப் பின்னால், ரயில்வே கேட்டுப் பக்கமிருந்து அந்த விக்கல் வந்தது. முப்பது நாற்பது பிள்ளைகள் ஒரே நொடியில் சேர்ந்து விக்கி, ஒரே நொடியில் நிறுத்தி, ஒரு மூச்சு விடும் நேரம் சும்மாயிருந்து, மறுபடி ஒரே நொடியில் விக்கினால் எப்படியிருக்கும், அப்படி. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன. ரோஸ்லின் தலையைத் தூக்கி, யாரோ தன்னைக் கூப்பிட்டது போல, அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

எங்கள் பி வரிசையில் பதினெட்டு வீடுகள். வார்டு ஆயா, லிஃப்ட் ஆபரேட்டர், எலக்ட்ரீஷியன், சமையல்கட்டு ஆள், ஆக்சிஜன் பிளான்ட்டில் வேலை பார்க்கும் என் கணவர் இருதயராஜ், எல்லாருக்கும் சோறு போடுவது அந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிதான். டார்ச்சை எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவள் பக்கத்து வீட்டுக் குருவம்மா அக்கா, பச்சைக் குழந்தை வார்டில் இருபத்தாறு வருஷ ஆயா. அவள் பின்னால் நாங்கள். கேட்டுக்கு இந்தப் பக்கம், ஜல்லிக் கல்லின் மேல், உடம்பில் ஒரு பொட்டுத் துணியில்லாமல் முப்பத்து மூன்று குழந்தைகள் எங்கள் வீடுகளைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஆறு மாதப் பிள்ளைகள். ஒவ்வொன்றின் காலிலும் பிறந்த பிள்ளைக்குக் கட்டும் ஆஸ்பத்திரி அடையாள வார். வாரில் பெயர் இல்லை, எண் மட்டும்.

"எந்த எடுபட்ட சிறுக்கிக இத்தனையப் பெத்துப் போட்டுட்டுப் போனாளுக?" என்று கத்திய குருவம்மா அக்கா, அடுத்த மூச்சிலேயே, "ஏத்தா ஜெசிந்தா, என்னத்த மலைச்சுப் போயி நிக்கிற? ரெண்டத் தூக்கு. மார்கழிப் பனி மண்டையில எறங்குது" என்றாள்.

எங்கள் வரிசை அதிசயப்பட எடுத்துக்கொண்ட நேரம் அவ்வளவுதான். அதற்கப்புறம் யார் எத்தனை தூக்குவது, யார் வீட்டில் பால் இருக்கிறது, பழைய புடவை யாரிடம் அதிகம் என்ற பேச்சாகிவிட்டது. நான் மட்டும் தூக்காமல் நின்றேன். அந்த எண்கள் எனக்குத் தெரியும். அவற்றை எழுதியவள் நான்.

அன்று காலையில்தான் செய்தி வந்திருந்தது. எங்கள் பெரிய டாக்டர் சந்தானகோபால் எழுதி, வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்திருந்த ஆராய்ச்சிக் கட்டுரையை, அவர்கள் பேப்பர் என்று சொல்வதை, அந்தப் பத்திரிகையே வாபஸ் வாங்கிவிட்டது. கணக்கில் உள்ள குழந்தைகள் இருந்தார்களா என்று சந்தேகமாக இருக்கிறதாம். சந்தேகப்பட்டவர்கள் கைவிட்ட குழந்தைகள் சாயந்தரத்துக்குள் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டன. வேறு எங்கே போகும்?

எடை குறைவாய்ப் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு துளி மருந்து, கொடுத்தால் மளமளவென்று எடை ஏறும் என்பது பேப்பர். தொண்ணூறு குழந்தைகளைச் சேர்த்தார்கள். குழந்தைக்கு ஒரு ஃபாரம், மாதத்துக்கு ஒரு பக்கம், ஆறு பக்கம். எடை, நீளம், தலைச் சுற்றளவு, அழுகை, சிரிப்பு, பக்கவிளைவு என்று கட்டங்கள். அவற்றை நிரப்பி கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. ஐம்பத்தேழு தாய்மார் மாதாமாதம் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். முப்பத்து மூன்று பேர் வரவில்லை. சிலர் செங்கல் சூளைக்குப் போயிருந்தார்கள், சிலர் கொடுத்த போன் நம்பர் யாருடையதோ, சிலர் வீட்டில் பிள்ளை செத்துப்போயிருந்தது, செத்த பிள்ளைக்கு எடை பார்க்க யார் பஸ் ஏறி வருவார்கள்?

"வரலை வரலைன்னு எழுதினா பேப்பர் நிக்காதும்மா" என்றார் டாக்டர். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. "கான்வென்ட்ல படிச்ச பொண்ணு நீ, கையெழுத்து முத்து முத்தா இருக்கு. வளர்ற பிள்ளை எப்படி வளரும்னு உனக்குத் தெரியாதா? காலிக் கட்டமா விடாதே."

கான்வென்டிலும் அதைத்தான் சொன்னார்கள். மார்ஜின் விடு, அடித்தல் திருத்தல் கூடாது, விடை தெரியாவிட்டாலும் காலியிடம் விடாதே. பொய் சொல்லாதே என்பதையும் அங்கேதான் சொன்னார்கள், ஆனால் அதற்கு மார்க் கிடையாது. நான் நிரப்பினேன். ஒரு பிள்ளைக்கு நானூறு கிராம் ஏற்றினேன், ஒரு பிள்ளைக்கு ஐந்நூறு. கை வலித்த நாட்களில் எட்டாம் எண் பிள்ளையின் எடையை அப்படியே எடுத்து இன்னும் பதினொரு பிள்ளைகளுக்குப் போட்டேன். பக்கவிளைவுக் கட்டத்தில் முப்பத்து மூன்று பேருக்கும் 'இல்லை' என்று எழுதினேன், அழகாக, சுழி வைத்து.

அந்த முப்பத்து மூன்றில் இருபத்து மூன்றாவது என் பிள்ளை.

ஏழாம் மாதத்தில், ஒரு கிலோ நானூற்றுப் பத்து கிராமில் பிறந்தான். இன்குபேட்டரில் இருக்கும்போதே நர்ஸ் ஒருத்தி தண்ணீர் தொட்டு ஞானஸ்நானம் கொடுத்தாள். அருளப்பன் என்று பெயர். துளி மருந்து கொடுத்தார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். ஒன்பதாம் நாள் வயிறு பானை போல ஆனது, பதினோராம் நாள் இல்லை. இருதயராஜ்தான் பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆட்டோவில் கல்லறைக்குப் போனார். இரண்டு மாதம் கழித்து நான் வேலைக்குத் திரும்பியபோது மேஜையில் அவன் ஃபாரம் இருந்தது. முடிவு என்ற கட்டத்தில் எழுத வேண்டிய சொல் எனக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக, அடுத்த கட்டத்தில் இரண்டு கிலோ நூறு என்று எழுதினேன். எழுதியதும் எத்தனையோ நாளைக்கு அப்புறம் எனக்குப் பசித்தது. அடுத்த மாதம் மூன்று கிலோ. அதற்கடுத்த மாதம் 'சிரிக்கிறான்'. ஆறாம் மாதம் ஆறு கிலோ இருநூற்று நாற்பது. மற்ற எல்லாப் பிள்ளைகளையும் விட நாற்பது கிராம் கூட. பெற்றவள் என்பதால் அந்த நாற்பது கிராம்.

அதனால் கேட்டருகே நான் காலில் இருந்த எண்ணைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கடைசியாக மிஞ்சியவனைத் தூக்கி இடுப்பில் வைத்தேன், இடுப்புக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் இருதயராஜ் வெகுநேரம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் மண்ணள்ளிப் போட்டது யாருக்கு ஜெசி?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல், பரணிலிருந்து இன்னொரு தூளிக் கயிற்றை எடுத்துக் கொக்கியில் மாட்டினார்.

இப்படித்தான் வரிசையில் முப்பத்து மூன்று தூளிகள் கூடின. எழுதியது எழுதியபடியே இருந்தார்கள் அந்தப் பிள்ளைகள். அழுகை 'நன்று' என்று எழுதியிருந்தேன், நன்றாக அழுதார்கள். சிரிப்பு 'உண்டு', சிரித்தார்கள். பக்கவிளைவு 'இல்லை', அதனால் கொசு கடிக்கவில்லை, சளி பிடிக்கவில்லை, தடுப்பூசி போட வந்த நர்ஸ் ஊசி குத்தியபோது அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கண் என்ன நிறம் என்று ஃபாரத்தில் கட்டம் இல்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் திரும்பினால் மறந்துவிடும். ஆறாம் பக்கத்தோடு ஃபாரம் முடிந்ததால் அதற்குமேல் வளரவில்லை. அங்கன்வாடி டீச்சர் மாதாமாதம் எடை போட்டு, அதே எண்ணைப் பார்த்து, "ஒங்க வரிசையில மட்டும் மெஷினு ரிப்பேராயிருது" என்று சொல்லிவிட்டுச் சத்துமாவுப் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போவாள்.

எட்டாம் எண்ணின் பன்னிரண்டு பிள்ளைகளும் அச்சில் வார்த்தது போல ஒன்றே. குருவம்மா அக்கா அதில் மூன்றை எடுத்துக்கொண்டு, ராத்திரியில் வார் எண் தெரியாததால் அடையாளத்துக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று அரைஞாண் கட்டி, பச்சைக்கு இரண்டு முறை பாலூட்டி மஞ்சளைப் பட்டினி போட்டுவிட்டு, "சனியனுகளா, ஒருத்தனாச்சும் மூக்க மாத்தி வச்சுட்டு வந்தா என்னடா" என்று கொஞ்சுவாள். நிஜமான எட்டாம் எண்ணை எலக்ட்ரீஷியன் மனைவி சுப்புத்தாய் எடுத்திருந்தாள். பதினான்கு வருஷமாகப் பிள்ளையில்லாதவள். அவள் யாருடனும் அதிகம் பேசமாட்டாள். இப்போது குழாயடியில் நின்று, எட்டுக்கு எந்தப் பக்கம் சாய்த்தால் தூக்கம் வரும் என்று விடாமல் பேசினாள்.

தவழும் பிள்ளைகள் ஆயிற்றே, ஒரு வீட்டில் தூங்கி இன்னொரு வீட்டில் விழித்தன. அதனால் எங்கள் வரிசையில் கதவைத் தாழ்போடும் வழக்கம் தானாக நின்றுபோனது. ராத்திரி எல்லாக் கதவும் சாத்தியிருக்கும், ஒன்றும் பூட்டியிருக்காது, சின்னக் கைகள் தள்ளினால் திறக்கும். தாழ்ப்பாள்கள் துருப்பிடித்தன. யாரும் கவலைப்படவில்லை.

டாக்டர் சந்தானகோபால் தை பிறந்ததும் இரண்டு கிலோ லட்டுடன் வந்தார். ஒவ்வொரு வீடாக ஏறி, பிள்ளைகளை எண்ணி, முப்பத்து மூன்று வந்ததும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இல்லைன்னு சொன்னாங்களே அம்மா, வந்து பாக்கட்டும் இப்போ" என்றார். சென்னைக்கு எழுதிப் போட்டார். விசாரணைக் குழு வரும், பிள்ளைகளைப் பார்க்கும், பேப்பர் மறுபடி நிற்கும், துளி மருந்து எல்லா ஆஸ்பத்திரிக்கும் போகும். வரிசை முழுக்கக் கைதட்டியது. நானும் தட்டினேன், இடுப்பில் அவன் இருந்ததால் ஒற்றைக் கையால், என் தொடையில்.

ரோஸ்லினும் எடை குறைவாய்ப் பிறந்தவள். அவளுக்கும் அந்தத் துளிதான். நான் எழுதிய 'இல்லை'யை நம்பி வார்டில் கொடுத்தார்கள், நானே நிரப்பிய காலிக் கட்டங்களை நானே நம்பி வீட்டிலும் தினம் ஐந்து சொட்டு விட்டேன். ஐந்தாம் மாதம் எடை நின்றது. வயிறு மட்டும் ஏறியது. ஒருநாள் குளிப்பாட்டும்போது அந்த வயிற்றில் கை பட்டதும் குளிப்பாட்டுவதை நிறுத்திவிட்டேன். ஒன்பதாம் நாள் இன்குபேட்டருக்குள் கைவிட்டு அருளப்பனிடம் தொட்ட அதே வயிறு. பயத்தில் ஒரு சொட்டும் கொடுக்காமல் பாட்டிலை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். பத்து நாளில் வயிறு இளகியது. பதினைந்தாம் நாள் இருநூறு கிராம் ஏறியிருந்தாள், யாரும் எழுதாமல், தானாக.

அன்று குழாயடியில் குருவம்மா அக்கா சொன்னாள்: "வார்டுல இந்த மாசம் நாலு புள்ளைக்கு வயிறு வீங்கிப்போச்சுத்தா. ரெண்டு போயிருச்சு. டாக்டரக் கேட்டா பேப்பர்ல அப்பிடி ஒண்ணும் இல்லையேங்கிறாரு."

தாயின் போன் நம்பர் கிடைக்காத அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் என்ன ஆனது என்று அதுவரை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஒரு பக்கம் தூளியில் ரோஸ்லின், மறு பக்கம் அருளப்பன், நடுவில் பாயில் நான் படுத்து இரண்டு கயிற்றையும் இழுப்பேன். என் கை ஒன்றை விட்டால்தான் இன்னொன்றைப் பிடிக்கலாம் என்று ஒருவரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பங்குனியில் குழுவிலிருந்து டாக்டர் ரஹ்மத் என்ற அம்மா வந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர், தன் எடை மெஷினைத் தானே தோளில் மாட்டி வந்திருந்தார். ஆஸ்பத்திரிக் கூட்ட அறையில் முப்பத்து மூன்று பிள்ளைகளையும் எடை போட்டு, ஃபாரத்தோடு சரிபார்த்து, கிராம் பிசகாமல் இருந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பது வருஷமா எடை போடுறேன். பிள்ளைங்க எடை இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டு நான் பாத்ததில்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

"இந்தப் பிள்ளைங்களப் பாத்துத்தானே எழுதினீங்க?"

வரிசை முழுக்க அங்கே இருந்தது. சுப்புத்தாய் மடியில் எட்டு. குருவம்மா அக்கா மடியில் சிவப்பு, பச்சை, மஞ்சள். என் இடது தோளில் ரோஸ்லின், வலது இடுப்பில் அவன், என் தாலிக்கொடியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு.

"இல்ல மேடம்" என்றேன். "நான் எழுதினதப் பாத்து இவங்க வந்தாங்க. நிஜத்துல வயிறு வீங்கினதும் செத்ததும் வேற பிள்ளைங்க. என் பிள்ளையும் அதுல ஒண்ணு."

"கைக்குழந்தைக்காரி, தூக்கமில்லாம ஏதோ சொல்றா" என்றார் சந்தானகோபால், அப்போதும் குரலை உயர்த்தாமல்.

டாக்டர் ரஹ்மத் அவரைப் பார்க்கவில்லை. ஃபாரக் கட்டை என் பக்கம் தள்ளினார். "அழிக்கக் கூடாது. மை ஊத்தக் கூடாது. ஒரே கோடு, கீழ இருக்கிறத யாரும் படிக்கிற மாதிரி. பக்கத்துல தெரிஞ்சது உண்மை, தெரியலன்னா தெரியலன்னு. கையெழுத்து, தேதி."

முதல் ஃபாரத்தில் ஒற்றைக் கோடு இழுத்தேன். 'தெரியவில்லை' என்று எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு அப்படி எழுதினேன். லிஃப்ட் ஆபரேட்டர் மடியிலிருந்த பிள்ளை ஒரு விக்கல் விக்கி, இறங்கி, தவழ்ந்து, வாசல்படியில் பின்பக்கமாகத் திரும்பிக் காலை முதலில் வைத்து இறங்கி, ரயில்வே கேட்டுப் பக்கம் போனது.

எட்டுக்கு வந்தபோது சுப்புத்தாய் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். "எட்ட மட்டும் விட்ரு தாயி. அவன் என்ன தப்புச் செஞ்சான்?"

"அவன் செய்யலக்கா" என்றேன். "நான்."

அவள் கையை எடுக்கும்வரை காத்திருந்தேன். எடுத்தாள். கோடு இழுத்ததும் பன்னிரண்டு பேரும் ஒன்றாக விக்கி, இறங்கிப் போனார்கள். குருவம்மா அக்கா மூன்று அரைஞாணையும் வெறும் கையில் பிடித்துக்கொண்டு, என்னை, டாக்டரை, ஆஸ்பத்திரியைக் கட்டியவனை, ஒருவர் விடாமல் வைதாள்.

இருபத்து மூன்றைக் கடைசியில் எடுத்தேன். ஆறு பக்கம், ஆறு கோடு. அந்த நாற்பது கிராமின் மேலும் ஒரு கோடு. பக்கத்தில்: ஒன்பதாம் நாள் வயிறு வீக்கம். பதினோராம் நாள் இறப்பு. ஜெசிந்தா. தேதி. அவன் என் தாலிக்கொடியை விட்டான். இடுப்பிலிருந்து அவனாகவே இறங்கிப் போனான்.

மறுநாளே இடைக்கால உத்தரவு வந்து வார்டில் துளி நின்றது. டாக்டர் சந்தானகோபால் நீண்ட லீவில் போனார்.

ஆனால் மறுநாள் இருட்டியதும் விக்கல் மறுபடி கேட்டது. ஒற்றைக் கோடுதானே, கீழே இருப்பது இன்னும் படிக்க முடிகிறதே, அதனால் வந்துவிட்டார்கள். தாழில்லாத கதவுகளைத் தள்ளி அவரவர் வீட்டுக்குள் வந்து, பால் குடித்து, தூளியில் தூங்கி, விடிவதற்குள் போனார்கள். ராத்திரிக்கென்று தனியாகப் பால் வாங்கினோம். கோடு இழுத்த அன்று முகம் திருப்பியவர்கள் குழாயடியில் என்னோடு மறுபடி பேசினார்கள்.

எட்டாம் நாள் டாக்டர் ரஹ்மத் போன் செய்தார்.

"ஜெசிந்தா, ஃபாரம் எல்லாத்திலயும் கோடு மங்கிக்கிட்டே வருது. ராத்திரி உள்ள விடுறீங்களா?"

"ஆமா மேடம்."

"வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை. சந்தானகோபால் வக்கீலோட வர்றார். கோடு இல்லாத ஃபாரத்த வச்சு நான் என்ன சொல்லட்டும்? துளிய மறுபடி கொடுக்கச் சொல்வாங்க." கொஞ்சம் நிறுத்தி, "பிள்ளைங்கள அடிச்சு விரட்ட வேணாம்மா. கதவ மட்டும் போடச் சொல்லுங்க" என்றார்.

வீடு வீடாகச் சொன்னேன். திங்கள்கிழமை நான்கு தாழ்ப்பாள் விழுந்தது. செவ்வாய் ஆறு. குருவம்மா அக்கா, "வார்டுல போன ரெண்டுக்கும் நான்தான் துணி சுத்திக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய் முந்தாநாள் தன் கதவைப் போட்டாள். மூன்று பேர் ஒரே குரலில் விக்குவதைக் கேட்டுக்கொண்டு உள்ளேயிருந்து அவள் வைத வசவு எங்கள் வீடுவரை கேட்டது. நேற்று ஏழு. சாயந்தரம் சுப்புத்தாய் வாசலில் வந்து நின்று உள்ளங்கையைக் காட்டினாள். துருப்பிடித்த தாழ்ப்பாள் கிழித்திருந்தது. "நான் போட்டுட்டேன்" என்றாள்.

இன்று வியாழன். வரிசையில் மிச்சம் எங்கள் கதவு மட்டும். சாயந்தரமே தாழ்ப்பாளுக்குத் தேங்காயெண்ணெய் விட்டு ஆட்டி ஆட்டி இளக்கி வைத்தேன். இருதயராஜ் ராத்திரி ஷிஃப்டுக்குப் போகாமல் ரோஸ்லினை நெஞ்சில் போட்டுப் படுத்திருக்கிறார், தூங்கவில்லை. "நான் போடவா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். வேண்டாம் என்றேன். பெட்டியைச் சுமந்தது அவர். இது என் கை எழுதியது. மேஜையில் உட்கார்ந்து இதுவரை எழுதிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் அழுவான் என்ற பயமில்லை, நன்றாக அழுவான், நான்தானே எழுதினேன். அழாமல் சிரித்துவிடுவானோ என்றுதான் பயம்.

விக்கல் கேட்கிறது. ஒரே ஒருவனுடையது. மற்றவர்கள் கேட்டுப் பக்கமே நின்றுவிட்டார்கள் போல. ஜல்லியில் முட்டி உரசும் சத்தம், பிறகு சிமென்டில், பிறகு எங்கள் படியில். கதவின் அடியில் உள்ளங்கை படுகிறது. கதவு ஒரு விரல் அளவு திறக்கிறது.

பேனாவை வைத்துவிட்டுப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அந்த இடுக்கு வழியே விரலை நீட்டினேன், பிடித்துக்கொண்டான். "அருளப்பா" என்றேன். காலில் வாரோடு வந்த பிள்ளையை இத்தனை நாளும் நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதேயில்லை. "ஒரு கிலோ நானூற்றுப் பத்துடா நீ. அவ்வளவுதான் நீ. அதுவே எனக்குப் போதும்."

விக்கல் நின்றது. பிடி தளர்ந்ததா, நான் விரலை இழுத்துக்கொண்டேனா, தெரியவில்லை. கதவைத் தோளால் சாத்தி, எழுந்து, எண்ணெய் விட்ட தாழ்ப்பாளைப் போட்டேன்.